அடுப்படிச் சாம்பலும் வீட்டு வளவும்

விறகடுப்பு எரியும் வீடுகளிலே நாள்தோறும் விளைந்து, நாள்தோறும் வேலியோரத்திற் கொட்டப்படும் பொருள் ஒன்று உண்டு. அது விலை கொடுத்து வாங்கப்படுவதன்று; எவரும் களவெடுத்துச் செல்வதுமன்று. பாத்திரம் துலக்க ஒரு பிடி எடுத்தபின் எஞ்சியதைக் காற்று அள்ளிச் செல்லும். அதுவே அடுப்படிச் சாம்பல். இச்சாம்பல் பயிருக்குப் பசளையாகுமா, ஆகுமெனின் எவ்வளவிற்கு ஆகும், எந்த மண்ணிற்கு ஆகாது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

ஆராய்ச்சிக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்வது நன்று. திருகோணமலை மாவட்டத்திலே, கொட்டியாரக்குடாவின் தென்புறத்தே, மூதூரை அடுத்துள்ளது கட்டைபறிச்சான். கடலும் களப்பும் ஒருபுறம், வயலும் மேட்டுநிலமும் மறுபுறம். மணலும் உவரும் நன்செய்யும் அருகருகே கிடக்கும் இத்தகைய இடத்திலேதான் சாம்பலின் நன்மையையும் தீமையையும் ஒருங்கே விளங்கிக்கொள்ளலாம்.

சேனை தந்த பாடம்

கட்டைபறிச்சானின் அயலூர்களுள் ஒன்றின் பெயர் சேனையூர். அப்பெயரில் ஒலிக்கும் 'சேனை' என்னும் சொல், காட்டை வெட்டி, வெயிலிற் காயவிட்டு, எரித்து, பருவமழையோடு விதைக்கும் பயிர்ச்செய்கைக்கு இலங்கையில் வழங்குவது. வடகீழ்ப் பருவமழைக்கு முன், ஆவணி, புரட்டாதி மாதங்களிலே தீயிடுவர். சாம்பல் ஆறியபின் குரக்கன், சோளம், எள் முதலியவற்றை விதைப்பர். ஆழ உழுவதில்லை, எருவும் இடுவதில்லை. ஆயினும் முதலாண்டிற் பயிர் செழித்து நிற்கும். தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. குறிஞ்சித்திணைப் பாடல்களிலே வரும் தினைப்புனங்களும் மரத்தை வெட்டிச் சுட்டுத் திருத்திய நிலங்களே.

ஆனால், இரண்டாம் ஆண்டில் விளைவு குறையும். மூன்றாம் ஆண்டிற் களை மிகும். பின்னர் அந்நிலத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டு வேறிடம் நாடுவர். இதன் காரணம் யாது? மரங்களின் வேர்கள் பல்லாண்டுகளாக ஆழத்திலிருந்து உறிஞ்சி, அடிமரத்திலும் கிளையிலும் இலையிலும் சேர்த்து வைத்த சத்துக்கள் ஒரே நாளிற் சாம்பலாகி மேல்மண்ணுக்கு வந்தன. அவற்றுட் சிலவற்றைப் பயிர் உண்டது. சிலவற்றை மழை கரைத்துச் சென்றது. சாம்பல் காட்டின் சேமிப்பேயன்றி, ஆண்டுதோறும் ஊறும் வருவாயன்று. காடு மீண்டும் வளர்ந்தாலன்றி அச்சேமிப்பு மீளாது. மக்கள் தொகை பெருகி, நிலத்தை ஓயவிடும் காலம் குறுகியபோது சேனைநிலங்கள் மெலிந்ததும் இதனாலேயே.

தீ கொண்டுபோவதும் விட்டுப்போவதும்

விறகு எரியும்போது நிகழ்வதைச் சற்று நோக்குவோம். மரம் காற்றிலிருந்து பெற்ற காபன், காபனீரொட்சைட்டாகிக் காற்றுக்கே திரும்புகிறது. நைதரசன் ஏறத்தாழ முழுவதும் புகையோடு போய்விடுகிறது. கந்தகத்திலும் ஒரு பகுதி போகிறது. மரம் மண்ணிலிருந்து எடுத்த கனிப்பொருள்களே அடுப்பில் எஞ்சுகின்றன. நன்கு உலர்ந்த விறகு 100 கிலோகிராம் எரிந்தால் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அல்லது அதனிலும் குறைந்த சாம்பலே கிடைக்கும். பட்டையும் இலையும் மிகுந்திருந்தால் சற்றுக் கூடும்.

அச்சாம்பலில் மிகுந்திருப்பது கல்சியம். அதற்கு அடுத்தது பொற்றாசியம். பசளைக் கணக்கில் வழங்கும் பொற்றாசு அளவிற் சொன்னால், பெரும்பாலும் நூற்றுக்கு 3 முதல் 7 பங்கு வரை. பொசுபரசுச் சத்து 1 அல்லது 2 பங்கு. மகனீசியமும் உண்டு, நாகம், செம்பு, போரன் முதலியன நுண்ணளவில் உண்டு. மரத்தின் இனத்திற்கும் அது வளர்ந்த மண்ணிற்கும் ஏற்ப இவ்வளவுகள் மாறும். பயிரைப் பச்சைப்பசேலென வளரச் செய்யும் நைதரசன் மட்டும் அதில் இல்லை.

தமிழிலே 'நீறு' என்னும் ஒரே சொல் சாம்பலையும் குறிக்கும். நீற்றிய சுண்ணாம்பையும் குறிக்கும். இரசாயனம் அறிந்தவர்க்கு இது வியப்பன்று. சாம்பலின் பெரும்பங்கு சுண்ணாம்பினத்தைச் சேர்ந்த கல்சியச் சேர்வையே. புளித்த மண்ணை, அதாவது அமிலத்தன்மை மிக்க மண்ணைத் திருத்துவதில், அரைத்த சுண்ணாம்புக்கல் செய்யும் வேலையில் ஏறக்குறையப் பாதியை அதே நிறையுள்ள நல்ல விறகுச் சாம்பல் செய்யும். ஆகவே சாம்பலை இடுவோர் ஒரே கையால் இரண்டு பொருள்களை இடுகின்றனர். ஒன்று பொற்றாசுப் பசளை, மற்றையது சுண்ணாம்பு. முதலாவதை விரும்பி இரண்டாவதை மறப்பதனாலேயே கேடு விளைகின்றது.

பானையிற் பிறந்த பெயர்

பொற்றாசியம் என்னும் பெயரே சாம்பலிற் பிறந்தது. முற்காலத்து ஐரோப்பியர் மரச்சாம்பலை நீரில் ஊறவைத்து வடித்து, அவ்வடிநீரைப் பானையிற் காய்ச்சி வற்றச்செய்து ஓர் உப்பை எடுத்தனர். 'பானைச் சாம்பல்' என்று பொருள்படும் 'பொட்டாஷ்' என்னும் பெயரை அதற்கு வழங்கினர். சவர்க்காரத்திற்கும் கண்ணாடிக்கும் அது வேண்டப்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முதன்முதலாக வழங்கப்பட்ட ஆக்கவுரிமை, 1790 யூலை 31ஆம் நாள், சாமுவேல் ஹொப்கின்ஸ் என்பாருக்குப் பொட்டாஷ் செய்யும் முறைக்காகவே வழங்கப்பட்டது. 1807இல் ஹம்பிரி டேவி என்னும் ஆங்கில அறிஞர் அவ்வுப்பினத்தைச் சேர்ந்த காரத்தை மின்னாற் பகுத்து ஓர் உலோகத்தைப் பிரித்தெடுத்து, அதற்குப் பொற்றாசியம் எனப் பெயரிட்டார். அதன் குறியீடாகிய 'கே' என்னும் எழுத்தும், தாவரச் சாம்பலைக் குறித்த அரபுச் சொல்லின் வழியே வந்ததாகும்.

1840இல் யேர்மானிய அறிஞர் லீபிக் வெளியிட்ட நூல், பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் கனிப்பொருள்களை மண்ணுக்குத் திருப்பியளிக்க வேண்டும் என்பதை உலகறியச் செய்தது. 1861இல் யேர்மனியிலே ஸ்ராஸ்பூர்ட் என்னுமிடத்திற் பொற்றாசு உப்பைச் சுரங்கத்திலிருந்து எடுக்கத் தொடங்கினர். அதன்பின் சாம்பலைக் காய்ச்சும் தொழில் படிப்படியாக நலிந்தது. இன்று கனடா, ரஷ்யா, பெலருஸ் ஆகிய நாடுகளின் சுரங்கங்களே உலகத் தேவையின் பெரும்பங்கை நிறைவு செய்கின்றன. நம் கமக்காரர் எம்.ஓ.பி. என அழைக்கும் பசளையும் இவ்வாறு கப்பலேறி வருவதே.

காணுமா என்ற கேள்வி

கப்பலேறி வரும் பொருளுக்குக் கப்பல் வராத நாளும் உண்டு. 2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளைகளின் இறக்குமதியைத் தடைசெய்தது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. ஆயினும், 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியும் உலகச் சந்தையின் விலையேற்றமும் சேர்ந்துகொள்ள, பசளை மூடை எளியோர்க்கு எட்டாக் கனியாயிற்று. அதே ஆண்டிற் சமையல் எரிவாயுவும் அரிதாகவே, நகரத்து வீடுகளிலும் விறகடுப்புகள் மீண்டும் புகைந்தன. பசளை இல்லை, சாம்பல் உண்டு. இவ்விரண்டையும் இணைத்து எண்ணியவர் பலர்.

அந்நாட்களிலே, கட்டைபறிச்சான் பக்கமிருந்து படிக்க வந்த மாணவனொருவன் நம்மிடம் கேட்டான்: "சேர், கடையில யூரியாவும் இல்லை, எம்.ஓ.பி.யும் இல்லை. அம்மம்மா சாம்பலைப் போடச் சொல்லுறா. சாம்பல் மட்டும் போட்டாக் காணுமா, சேர்?" நல்லதா என்று அவன் கேட்கவில்லை, காணுமா என்றே கேட்டான். வினா அளவைப் பற்றியது. ஆகவே விடையையும் அளவிலேயே காண்போம்.

ஒரு வீட்டிலே நாளொன்றுக்கு 5 கிலோகிராம் விறகு எரிவதாகக் கொள்வோம். நூற்றுக்கு ஒன்று வீதம் 50 கிராம் சாம்பல் கிடைக்கும். ஆண்டிற்கு ஏறத்தாழ 18 கிலோகிராம். அதிற் பொற்றாசு நூற்றுக்கு 5 பங்கு எனின், ஆண்டு முழுவதும் அவ்வீடு பெறும் பொற்றாசு 900 கிராம். எம்.ஓ.பி. பசளையில் நூற்றுக்கு 60 பங்கு பொற்றாசு உண்டு. எனவே ஓராண்டுச் சாம்பல் முழுவதும் ஒன்றரைக் கிலோகிராம் எம்.ஓ.பி.க்கே ஈடாகும். ஏக்கர் ஒன்றுக்குப் பத்துக்கிலோக் கணக்கில் பசளை கேட்கும் வயலுக்கு இது எம்மட்டு? யூரியா தரும் நைதரசனையோ சாம்பல் சிறிதும் தராது. நெல்வயலுக்கு அடுப்புச் சாம்பல் காணாது என்பதே விடை.

ஆனால் கணக்கை வயலோடு நிறுத்திவிடலாகாது. சதுர மீற்றருக்கு ஆண்டொன்றில் 50 முதல் 70 கிராம் வரை, அதாவது ஒரு பெரிய கைப்பிடி அளவு சாம்பலை, உவரில்லாத மண்ணிற்கு அச்சமின்றி இடலாம். ஒரு பேர்ச்சு நிலம் ஏறத்தாழ 25 சதுர மீற்றர். அதற்கு ஒன்றரைக் கிலோகிராம் போதும். அவ்வாறாயின், 18 கிலோகிராம் சாம்பல் 12 பேர்ச்சு நிலத்துக்குக் காணும். கத்தரியும் மிளகாயும் பயற்றையும் வாழையும் முருங்கையும் நிற்கும் வீட்டுத் தோட்டம் பல இடங்களில் ஏறக்குறைய அவ்வளவே. ஒரு வீட்டின் அடுப்பும் அவ்வீட்டின் வளவும் ஒன்றுக்கொன்று அளவாக அமைந்துள்ளன என்பது இக்கணக்கினாற் புலனாகும். அம்மம்மாவின் சொல் வளவுக்கு மெய், வயலுக்கு அன்று. வளவில் மெய்யானதை ஒரே போகத்தில் நாட்டின் வயல்களெங்கும் எதிர்பார்த்தால் நேர்வது யாது என்பதை 2021 - 22 பெரும்போகத்து விளைச்சல் வீழ்ச்சி எல்லோர்க்கும் காட்டியது.

மண்ணறிந்து இடுதல்

அளவை அறிந்தபின் மண்ணை அறிதல் வேண்டும். மலைநாட்டு மண் பெருமழையாற் கழுவுண்டு புளித்தது. அங்கே மரக்கறித் தோட்டத்திற்குச் சாம்பலின் சுண்ணாம்புக் குணமும் நன்மையே. தேயிலையோ புளித்த மண்ணையே விரும்புவதாதலால் அதற்குச் சாம்பலை மிகையாக இடலாகாது. கீழ்க்கரையின் நிலை வேறு. வரண்ட வலயத்து மண் பெரும்பாலும் நடுநிலையை அண்டியது. களப்போரத்துத் தாழ்நிலங்களிலோ உப்பும் காரமும் ஏறியிருக்கக்கூடும். அத்தகைய உவர்நிலத்திற் சாம்பலை இடுவது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதை ஒக்கும். காரம் மிகுந்தால் மண்ணிலுள்ள இரும்பும் நாகமும் பயிருக்கு எட்டாதவாறு இறுகிவிடும். இளம் இலைகளில் நரம்பு பச்சையாயிருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும். பயிர் வெளிறியது சத்துக் குறைவினாலென்று எண்ணி மேலும் சாம்பலைக் கொட்டினால் நோய் முற்றுமேயன்றித் தீராது.

கடற்கரையை அண்டிய மணல் நிலத்திற்கு வேறோர் இடர் உண்டு. மணல் சத்தைப் பிடித்துவைக்க வல்லதன்று. சாம்பலிலுள்ள பொற்றாசியமோ நீரில் எளிதிற் கரைவது. கார்த்திகை, மார்கழி மாதங்களின் அடைமழையில் இட்டால், வேருக்கு உதவாமற் கீழிறங்கிவிடும். மாரி ஓய்ந்தபின், தை, மாசி மாதங்களிலே, இரண்டு மூன்று முறையாகப் பிரித்து இடுவதே தக்கது. கூட்டெருவும் மக்கிய இலைகுழையும் சேர்ந்த மணல், பொற்றாசியத்தைப் பிடித்துவைக்கும் ஆற்றலை ஓரளவு பெறும்.

தென்னை பொற்றாசியத்தை மிக வேண்டும் மரம். தேங்காயோடு மரத்தைவிட்டு நீங்கும் பொற்றாசியத்திற் பெரும்பங்கு பொச்சுமட்டையிலே தங்கியுள்ளது. ஆகவே பொச்சுமட்டைச் சாம்பல் விறகுச் சாம்பலினும் பொற்றாசு மிக்கது. எனினும், எரிக்காமலே மட்டைகளைத் தென்னைகளுக்கிடையே குழிவெட்டிப் புதைப்பது அதனினும் நன்று. சத்தும் மீளும், கோடையில் ஈரமும் நிற்கும். கச்சான் பயிருக்கு, காய் இறங்கும் மேல்மண்ணிற் கல்சியம் வேண்டும். அதற்கும் சாம்பல் சிறிது உதவும்.

மூதூர்க் கிழக்கின் அண்மைக்கால வரலாறும் இவ்விடத்தே நினைக்கத்தக்கது. 2006ஆம் ஆண்டுப் போரில் இப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். சம்பூர் மக்களுட் பலர் கட்டைபறிச்சான் முதலிய இடங்களின் முகாம்களிற் பல்லாண்டு வாழ்ந்து, 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே தம் நிலத்துக்கு மீண்டனர். கைப்பொருள் குறைந்த குடும்பத்துக்கு வீட்டு வளவே முதற் சந்தை. அங்கே பசளைக்குச் செலவாகாத ஒவ்வொரு ரூபாயும் சோற்றுக்கு உதவும். ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பற்றையை வெட்டி ஒரே இடத்திற் குவித்து எரித்தால் அவ்விடத்திற் காரம் மிகுந்து நாற்று முளைக்கத் தயங்கும். அக்குவியலின் சாம்பலை அள்ளி வளவெங்கும் மெல்லிதாகப் பரப்பினால், கேடு செய்த அதே பொருள் நன்மை செய்யும்.

இடும் முறை

முதலாவதாக, சாம்பல் நனையாதிருத்தல் வேண்டும். மழையில் நனைந்த சாம்பலிற் சுண்ணாம்பு எஞ்சும், பொற்றாசியம் ஓடிவிடும். நன்றாக ஆறியபின் மூடியுள்ள தகரப் பேணியிற் சேமிக்க. கனல் உள்ளே மறைந்திருக்கும். நீறு பூத்த நெருப்பு என்பது வெறும் உவமையன்று.

இரண்டாவதாக, சாம்பலை யூரியாவோடும் பச்சைச் சாணத்தோடும் கலத்தல் ஆகாது. சாம்பலின் காரம் அவற்றிலுள்ள நைதரசனை அமோனியா வாயுவாக்கிக் காற்றிற் பறக்கவிடும். மூக்கைத் துளைக்கும் அந்நெடி, நாம் பணம் கொடுத்து வாங்கிய பசளையின் நெடியே. இரண்டிற்குமிடையே இரண்டு மூன்று கிழமைகள் செல்லட்டும்.

மூன்றாவதாக, விதைக்கும் இளநாற்றின் தண்டுக்கும் சாம்பல் படலாகாது. செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளித் தூவி, மண்ணோடு கிளறி, நீர் ஊற்றுக. தூவும்போது கண்ணிற் படாமற் காத்துக்கொள்க. ஈரக்கையால் அள்ளினாற் தோல் அரிக்கும்.

இலைமேற் சாம்பல் தூவிப் பூச்சிகளை விரட்டும் வழக்கமும் நம்மிடையே உண்டு. உலர்ந்த தூள் சிறு பூச்சிகளின் உடலை வறளச் செய்வதனால் அது ஓரளவு பயன்தரும். பனியோ மழையோ பட்டால் அப்பயன் போய்விடும். பயற்றை விதையைச் சாம்பலிற் புரட்டி வைத்தால் வண்டு தாக்குவது குறையும் என்பதும் அனுபவத்தில் நின்ற உண்மை.

எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல

உமிச்சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா. அதிற் பொற்றாசு சிறிதே. மண்ணை இளக்க அது உதவலாம். விறகுச் சாம்பலின் இடத்தை நிரப்பாது. நெகிழி, வர்ணம் பூசிய பலகை, மருந்தூட்டிய மரம், குப்பை ஆகியவற்றை எரித்த சாம்பலில் நச்சு உலோகங்கள் தங்கக்கூடும். அதனை உண்ணும் பயிருக்கு ஒருபோதும் இடலாகாது. நிலக்கரிச் சாம்பலும் அவ்வாறே. சம்பூரிலே நிலக்கரி மின்நிலையம் அமைக்கும் திட்டம் இருந்தது. 2016இல் அது கைவிடப்பட்டது. நிலக்கரி, பூமியின் ஆழத்திற் பல கோடி ஆண்டுகள் கிடந்து ஆசனிக்கு முதலிய பொருள்களையும் தன்னுட் கொண்டிருப்பது. பெயர் சாம்பலே ஆயினும், குணம் வேறு.

மாணவர்க்கு ஒரு சோதனை

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை இது. ஒரு கரண்டிச் சாம்பலை ஒரு குவளை நீரிற் கலக்கி, தெளியவிட்டு, துணியில் வடித்தெடுங்கள். வெள்ளைத் தாளில் மஞ்சளை நீரிற் குழைத்துப் பூசி உலர்த்தி, அதன்மேல் அவ்வடிநீரில் ஒரு துளி விடுங்கள். மஞ்சள் செந்நிறமாகும். செவ்வரத்தம்பூவின் சாற்றில் விட்டாற் பச்சை நிறம் தோன்றும். இவை காரத்தின் அடையாளங்கள். பின்னர் இரண்டு பூச்சாடிகளில் ஒரே மண்ணையிட்டு ஒரே நாளிற் கீரை விதையுங்கள். ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டிச் சாம்பலும், மற்றையதற்கு ஒரு சிரட்டை நிறையச் சாம்பலும் இட்டு, நாள்தோறும் குறித்து வாருங்கள். மிகுதியாகப் பெற்ற சாடியில் நடப்பதைக் கண்டவர்க்கு அளவின் அருமையை வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

வளவிற்குப் பெருமளவிற் சாம்பல் இட விரும்புவோர், முதலில் விவசாயப் போதனாசிரியரை நாடி மண்ணைப் பரிசோதித்துக்கொள்வது நன்று. மற்றையோர்க்கு ஒரு கைப்பிடிக் கணக்கே போதும். தீ கொண்டுபோன நைதரசனைக் கூட்டெருவும் மாட்டெருவும் பயறும் ஈடுசெய்யட்டும். தீ விட்டுச்சென்றதைச் சாம்பல் கொடுக்கட்டும். இரண்டும் சேர்ந்தாலன்றி வளவு நிறைவு பெறாது. பெரும்பாலான வீடுகளிற் காலையில் அடுப்பை வழித்துச் சாம்பலை அள்ளும் கைகள் தாய்மாரின் கைகளே. அவர்கள் பக்கத்தில் மூடியுள்ள ஒரு பேணியை வைத்துக்கொடுப்பது பிள்ளைகளின் பணியாகட்டும்.